கிராம்பு குத்திய எலுமிச்சை

நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அரை எலுமிச்சம்பழம் ஒன்று இருந்தது. அறுத்த பக்கம் முழுக்கக் கிராம்பு குத்தி, பார்க்க முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி. “கொசுவுக்கு” என்றார் நண்பர். ஜன்னல் கட்டையில் வேப்பிலைக் கொத்து, அடுப்படி அலமாரியில் பிரிஞ்சி இலை, குளியலறை மூலையில் வெங்காயத் துண்டு, பால்கனித் தொட்டிகளில் நொச்சி. வீடே ஏதோ விசேஷத்துக்குத் தயாராவதுபோல் மணத்தது. மாலை 4 மணி இருக்கும். பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் என் கணுக்காலில் மட்டும் ஐந்து கடி. கறுப்பு உடம்பில் வெள்ளை வரி போட்ட கொசு. பகலில் கடிக்கிற சாதி. எலுமிச்சைக்கும் என் காலுக்கும் மூன்றடி தூரம்கூட இராது.

“இது இல்லைன்னா இன்னும் அதிகமா இருக்கும்வே” என்றார்.

இந்த வாக்கியத்தை யாராலும் தோற்கடிக்க முடியாது. கொசு குறைந்தால் அது எலுமிச்சையின் மகிமை. குறையாவிட்டால், வந்திருக்கக்கூடிய கொசுக்களைத் தடுத்த மகிமை. எப்படிப் பார்த்தாலும் எலுமிச்சைக்குத்தான் வெற்றி.

படித்த வீடுகளில் இன்று இது கிட்டத்தட்ட ஒரு நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. வீட்டுப் பூச்சிக்கு ரசாயனம் வேண்டாம்; பூச்சிக்குப் பிடிக்காத வாசனை எதையாவது வைத்தால் போதும்; நம் முன்னோர் அப்படித்தான் விரட்டினார்கள்; இயற்கைப் பொருளாதலால் தீங்கும் இல்லை. முதல் பகுதியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஸ்பிரே டப்பாவை நானும் வாங்குவதில்லை. பின்னால் வருகிற மூன்றும் தவறு என்பதுதான் என் கட்சி. அதிலும் முன்னோரைப் பற்றிச் சொல்வது வெறும் தவறோடு நிற்கவில்லை. அவர்கள் பட்ட பாட்டையே துடைத்துப் போடுகிறது.

வாசனையிலிருந்து தொடங்குவோம். பெண் கொசு நம்மைத் தேடி வருவது நாம் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவையும், தோலின் வாடையையும், உடம்புச் சூட்டையும் பிடித்துக்கொண்டு. மேசைமேல் ஒரு பழம் கிடப்பதால் இவற்றில் எதுவும் குறைவதில்லை. கிராம்பு எண்ணெயைத் தோலில் பூசினால் கொசு கொஞ்ச நேரம் தயங்கும் என்பது உண்மை. எலுமிச்சம்புல் எண்ணெய்க்கும் அந்தக் குணம் உண்டு. தோலில் பூசியது வேறு, மின்விசிறி சுற்றும் கூடத்தின் நடுவில் வைத்தது வேறு. அந்த வாசனை கூடம் முழுக்கக் கொசுவுக்கு உறைக்கிற அளவு நிற்க வேண்டுமானால் முதலில் வெளியேறுகிறவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

பூசினால்கூட எவ்வளவு நேரம்? 2002-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு சோதனை வந்தது. மார்க் ஃபிராடின், ஜோனதன் டே என்ற இருவர் செய்தது. டெங்குவைப் பரப்பும் அதே வரிக்கொசுக்களைக் கூண்டில் விட்டு, பலவகைப் பூச்சுகளைத் தடவிய கையை உள்ளே நீட்டச் சொல்லி, முதல் கடி எப்போது என்று நிமிடக் கணக்கில் குறித்தார்கள். டீட் என்ற செயற்கைப் பூச்சு ஏறக்குறைய 24 சதவீதக் கரைசலில் சராசரியாக 5 மணி நேரம் தாங்கியது. எலுமிச்சம்புல்லின் உறவான சிட்ரோனெல்லாப் புல்லின் எண்ணெய் வகைகள் 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. கையில் கட்டிக்கொள்ளும் வாசனைப் பட்டைகள் சுத்தமாக எதற்கும் உதவவில்லை. நம்மூரில் இன்றும் பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளின் மணிக்கட்டில் அந்தப் பட்டையைப் பார்க்கிறேன். கார்ட்டூன் பொம்மை போட்டது.

தாவரத்திலிருந்து வருகிற உருப்படியான கொசுப்பூச்சு ஒன்று இருக்கவே இருக்கிறது. எலுமிச்சை மணம் வீசும் யூகலிப்டஸ் இனத்து எண்ணெயைப் பக்குவப்படுத்தி எடுப்பது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையமே அதைப் பரிந்துரைக்கிறது, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு. இதைக் கேட்டவுடன் நம் வீட்டில் கை நீள்வது நீலகிரித் தைலத்துக்கு. அது வேறு மரம், வேறு சரக்கு. சளிக்கு ஆவி பிடிக்கலாம். ‘யூகலிப்டஸ்’ என்ற பெயர் ஒன்றுதான் என்பதால் கொசு ஒப்புக்கொள்ளாது.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வாசனை வேலை செய்யும் இடம் உண்டு. தஞ்சை சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளைக் காக்க வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துச் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி வைக்கும் வழக்கம் பேர்பெற்றது. எலுமிச்சம்புல் எண்ணெயைச் சுவடியிலேயே தடவுவதும் உண்டு. மூடிய பெட்டி, கையளவு இடம், வாசனை போனதும் மாற்றிவைக்க ஆள். இந்த மூன்றும் சேர்ந்தால் வசம்பு தன் வேலையைச் செய்யும். பட்டுப்புடவைப் பெட்டிக்கும் அப்படியே. பெட்டிக்குள் கண்ட பலனைக் கூடத்தில் எதிர்பார்ப்பதில்தான் கோளாறு. கூடத்துக்கு நான்கு ஜன்னல், இரண்டு கதவு, ஒரு மின்விசிறி.

நொச்சியின் கதையும் இதேதான், ஆனால் பெரிய அளவில். 2012-இல் தமிழ்நாட்டில் டெங்கு 12,000 பேருக்கு மேற்பட்டோரைத் தாக்கி, 66 உயிர்களைக் கொண்டுபோனது. கடையநல்லூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் படுத்துக்கிடந்த காலம். அதன் பிறகு சென்னை மாநகராட்சி நொச்சிக் கன்றுகளை வழங்கத் தொடங்கியது. வீட்டில் நட்டால் கொசு வராது என்று. நொச்சி நல்ல மூலிகை. மாட்டுத் தொழுவத்தில் நொச்சித் தழையைப் போட்டு மூட்டம் போட்டால் கொசு விலகும்; அதை நானே பார்த்து வளர்ந்தவன். விலக்கியது புகை. நொச்சியின் எண்ணெய் இலைக்குள் இருக்கிறது; கசக்கினால் மூக்கில் ஏறும், கொளுத்தினால் கண்ணில் ஏறும். செடி சும்மா நிற்கும்போது அதைத் தனக்கென்று வைத்துக்கொள்கிறதே தவிர நமக்காகக் காற்றில் இறைப்பதில்லை.

நண்பர் வீட்டு நொச்சித் தொட்டிகளைக் குனிந்து பார்த்தேன். மூன்று தொட்டி. ஒவ்வொன்றுக்கும் அடியில், தரை கறைபடாமலிருக்க, ஒரு பிளாஸ்டிக் தட்டு. தட்டில் விரற்கடைத் தண்ணீர். செல்போன் விளக்கை அடித்ததும் தண்ணீர் முழுக்க நெளிந்தது. தலைகீழாகத் தொங்கி, வால் நுனியால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த புழுக்கள் வெளிச்சம் பட்டதும் துடித்துக்கொண்டு அடிக்குப் போயின. கமா போல் வளைந்த கூட்டுப்புழுக்கள் நாலைந்து மேலே உருண்டுகொண்டிருந்தன. இன்னும் இரண்டு நாளில் அவை பறந்துவிடும். கொசுவை விரட்ட வந்த செடியின் காலடியில் கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி.

கரப்பானுக்கு வருவோம். பிரிஞ்சி இலையின் வாசனை கரப்பானுக்குப் பிடிக்காமல்கூட இருக்கலாம். இருக்கட்டும். இந்த அலமாரியில் பிடிக்காவிட்டால் அது எங்கே போகும்? அடுத்த அலமாரிக்கு. ‘விரட்டுதல்’ என்ற சொல்லிலேயே இந்த ஏமாற்று இருக்கிறது. விரட்டப்பட்டது ஊரைவிட்டுப் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அடுக்ககத்து அடுப்படியில் கரப்பானுக்கு வேண்டியது மூன்று: சிங்க்குக்கு அடியில் சொட்டும் ஈரம், கேஸ் அடுப்புக்குக் கீழே ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு, பகலில் உடம்பை நுழைத்துக்கொள்ள ஒரு கீறல். சோறில்லாமல் வாரக்கணக்கில் கிடக்கும். தண்ணீரில்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. சொட்டும் குழாய்க்கு ஒரு வாஷர் போட்டால் நூறு பிரிஞ்சி இலை செய்யாததைச் செய்யும். வாஷர் இயற்கைப் பொருள் அல்ல என்பதால் அதற்கு மரியாதை இல்லை.

சமையலறைகளில் பெருகும் அந்தச் சின்னப் பழுப்புக் கரப்பானுக்கு ‘ஜெர்மன் கரப்பான்’ என்று பெயர். 1767-இல் லின்னேயஸ் வைத்தது. ஜெர்மனிக்கும் அதன் பூர்விகத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவிலோ மியான்மரிலோ வயற்காட்டு இனம் ஒன்றிலிருந்து பிரிந்து மனிதனோடு வீட்டுக்குள் வந்துவிட்டது என்று 2024-இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. இரண்டாயிரம் வருஷமாக நம் அடுப்படியில் குடியிருக்கிறது. பட்டையும் கிராம்பும் அரைக்கிற அடுப்படியில். அது இந்த வாசனைகளைப் பார்க்காததா?

இனி, முன்னோர். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

‘பாட்டி காலத்து ரகசியம்’ என்று வருகிற குறிப்புகளை ஒருநாள் வரிசையாக எழுதிப் பார்த்தேன். பேக்கிங் சோடா, வினிகர், புதினா எண்ணெய், காபித்தூள், வெள்ளரித் தோல், பிரிஞ்சி இலை. என் ஆச்சிக்கு வினிகர் என்றால் என்னவென்றே தெரியாது. பிரிஞ்சி இலையைக் கல்யாணச் சமையலில் பார்த்திருப்பாள். இதெல்லாம் எந்த நாட்டுப் பாட்டியின் ரகசியமோ. கடல் தாண்டி வந்து, தமிழில் சேலை கட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆச்சி என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம். மாசி கழிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் வீட்டில் இருக்கிற அத்தனை தானியமும் பயறும் வெளியே வரும். துவரையைச் செம்மண் கரைத்துப் புரட்டி, மொட்டைமாடித் தட்டட்டியில் காயப்போட்டு, திருகையில் உடைத்து, சுளகில் புடைத்து, பருப்பு வேறு குருணை வேறாகப் பிரித்து எடுக்க ஒரு வாரம் ஆகும். வீட்டில் இருக்கிற பெண்கள் அத்தனை பேரும், பள்ளிக்கூட லீவில் நாங்களும். கால் கொதிக்கும் தட்டட்டியில் மணிக்கொரு தரம் துழாவிவிட வேண்டும். சூடு ஏறியதும் வண்டுகள் பருப்பைவிட்டு நிழலைத் தேடி ஓரத்துக்கு ஓடிவரும். அதைப் பெருக்கித் தள்ளுவது எங்கள் வேலை.

இதில் மந்திரம் எதுவும் இல்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. தானிய வண்டும் அதன் முட்டையும் 50 டிகிரிக்கு மேல் வெகுநேரம் தாங்காது. சித்திரை வெயிலில் தட்டட்டித் தளம் அதை எட்டும். காய்ந்த மணியில் ஈரம் இல்லாததால் புதிதாக இறங்கும் வண்டும் பெருகாது. பயறு வண்டு முழுப் பயறின் தோல்மேல்தான் முட்டையை ஒட்டும். வெள்ளைப் புள்ளியாகக் கண்ணுக்கே தெரியும். உடைத்துத் தோலெடுத்த பருப்பில் அதற்கு அவ்வளவு வசதியில்லை. உடைக்காமல் வைக்கிற பாசிப்பயறுக்கும் தட்டைப்பயறுக்கும் ஆச்சி விளக்கெண்ணெய் தடவுவாள். கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, உள்ளங்கையால் பிசறி. முட்டை மூச்சுவிடும் துளையை எண்ணெய் அடைத்துவிடும். விதைக்கு எடுத்துவைக்கும் பயறில் அடுப்புச் சாம்பல் கலப்பாள். சாம்பலின் நுண்துகள் பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகைச் சுரண்ட, உடம்பின் ஈரம் போய் அது காய்ந்து சாகும். இன்று வெளிநாட்டுக் கிடங்குகளில் டயாட்டம் மண் என்று ஒரு வெள்ளைப் பொடியைத் தூவுகிறார்களே, அதற்கும் இதே வேலைதான்.

குலுக்கையை நினைத்தால் இன்னும் வியப்பாக இருக்கிறது. ஆளுயர மண்குதிர்; மேலே வாய், கீழே கைநுழையும் ஒரு துளை. கம்பையோ சோளத்தையோ நிரப்பிய பிறகு வாயை மூடிச் சாணியும் களிமண்ணும் குழைத்து இண்டு இடுக்கில்லாமல் பூசிவிடுவார்கள். உள்ளே தப்பித் தவறிப் போன பூச்சிகள் இருக்கிற காற்றை மூச்சுவிட்டுத் தீர்த்து, தாமே அடங்கிப்போகும். காற்றுப் புகாத பைகளில் தானியம் வைக்கும் முறையை அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் 1980-களின் கடைசியில் கேமரூனில் தட்டைப்பயறுக்காகத் தொடங்கி, ஆப்பிரிக்கா முழுக்கக் கொண்டுபோனார்கள். குலுக்கையின் அதே தத்துவம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் துளைபோட்ட ஒரு குழாய்ப் பொறி செய்திருக்கிறார்கள்; அரிசி டின்னில் செருகிவைத்தால் காற்றைத் தேடி வரும் வண்டு துளை வழியே விழுந்து மாட்டிக்கொள்ளும். வண்டின் குணத்தைக் கவனித்த யாரோ ஒருவர் யோசித்தது. இதைப் பற்றி எனக்கு ஒரு குறிப்புகூட இதுவரை யாரும் அனுப்பியதில்லை. அனுப்புவதெல்லாம் அரிசிக்குள் நாலு காய்ந்த மிளகாய் போடச் சொல்லித்தான். அரிசி வண்டு மணியைக் குடைந்து உள்ளே முட்டை வைத்து, துளையைப் பசைபோல் ஒன்றால் மூடிவிடுகிறது. மணிக்குள் இருக்கிற புழுவுக்கு வெளியே கிடக்கும் மிளகாயின் காரம் எப்படித் தெரியும்?

வேப்பிலையையும் ஆச்சி போடுவாள், மறுக்கவில்லை. வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாமல், தோலுரித்து வளரவிடாமல் செய்கிற நல்ல சரக்கு. அது அதிகம் இருப்பது கொட்டையில். வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்தும் போகும். வெயிலில் காய்ந்து, புடைத்து, எண்ணெய் பூசி, வாய் பூசிய தானியத்துக்கு மேலே கடைசியாகப் போட்ட இரண்டு கொத்து வேப்பிலை அது. ஒரு வார உழைப்பை மறந்துவிட்டு அந்த இரண்டு கொத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

ஆச்சியைத் தெய்வமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. எறும்பு ஏறாமலிருக்கச் சாப்பாட்டு அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கல்கிண்ணங்களில் நிறுத்தியிருந்தாள். எறும்பு ஏறவில்லை. வரிக்கொசுவுக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆசியா முழுக்க டெங்குக் கொசு வளரும் இடங்களின் பட்டியலில் இந்த எறும்புக் கிண்ணமும் உண்டு. அதுபோலவே, 1953-இல் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் டி.டி.டி. அடித்த காலத்தில் அவள் தலைமுறை அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பாய்க்கு அடியில் அந்தப் பொடியைத் தூவியவர்களில் என் ஆச்சியும் ஒருத்தி. கட்டிலை வெயிலில் நிறுத்தி, கயிற்றிடுக்கில் வெந்நீர் ஊற்றி அலுத்துப்போனவளுக்கு வெள்ளைப் பொடி வரமாகத் தெரிந்திருக்கும். அவர்கள் இயற்கையைக் கொள்கையாக வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் அல்லர். கையில் இருந்ததை வைத்துச் சமாளித்தவர்கள்.

இயற்கையானது தீங்கில்லாதது என்ற மூன்றாவது நம்பிக்கைக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. கொசுவர்த்திச் சுருளின் மூலமே ஒரு பூதான். செவ்வந்தி இனத்துப் பைரெத்ரம் பூவைப் பொடித்து, ஜப்பானில் உயேயாமா என்பவர் 1890-களில் வர்த்தி செய்தார். சுருளாகச் சுற்றும் யோசனை அவர் மனைவியுடையது. இன்றைய சுருளிலும் கொசு ‘மேட்’டிலும் இருக்கும் பைரெத்ராய்டு என்ற செயற்கை மருந்துகள் அந்தப் பூவின் நஞ்சைப் பார்த்துச் செய்த நகல்கள். அசல் பூச்சாறும் மீனைக் கொல்லும். புகைக்கும் இயற்கை, செயற்கை என்ற வேறுபாடு தெரியாது. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு மருந்தினால் வருவதல்ல, எரியும் மரத்தூளினால் வருவது. மூடிய அறையில் வேப்பிலையைக் கொளுத்தினாலும் நுரையீரலுக்குப் போவது புகைதான்.

கற்பூரம்? கடையில் கிடைக்கும் சூடம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்வது. ‘இயற்கை’ என்று தட்டில் வைத்துவிடுகிறோம். வெள்ளையாக, சில்லென்று, மிட்டாய்போல் இருக்கும் அதைத் தவழும் குழந்தை வாயில் போட்டால் சில நிமிடங்களில் வலிப்பு வரும். ஒரு கிராம் அளவே சிறு குழந்தையின் உயிருக்கு உலை வைக்கும். வேப்பெண்ணெயைப் பச்சைக் குழந்தைக்குப் புகட்டி மூளையும் ஈரலும் பாதித்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் இருக்கின்றன. ‘மூலிகை’ என்று அட்டையில் எழுதி விற்கும் கொசு ஊதுபத்திகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அவற்றில் சில, பதிவு பெறாத செயற்கை மருந்து கலந்தவை என்று செய்திகளில் வந்துகொண்டேயிருக்கிறது. பூச்சிக்கொல்லி எதுவானாலும் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். ஊதுபத்தி நன்றாக வேலை செய்கிறது, கொசு பொத்துப் பொத்தென்று விழுகிறது என்று ஒருவர் சொன்னால், அட்டையில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெறும் மூலிகைக்குக் கொசு அப்படி விழாது.

“அப்படியானால் ஸ்பிரே அடிக்கச் சொல்கிறீரா?” என்று கேட்பார்கள். இந்தக் கேள்விதான் என்னை அலுக்க வைப்பது. எலுமிச்சையும் ஸ்பிரேயும் எதிரெதிர் கட்சிகள் மாதிரித் தெரிகின்றனவே ஒழிய, இரண்டும் ஒரே ஆசையின் பிள்ளைகள். எதையாவது ஒன்றை வைத்துவிட்டு, அல்லது அடித்துவிட்டு, நாம் சோபாவில் உட்கார்ந்துவிட வேண்டும்; மிச்சத்தை அது பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரேயும் அதிக நாள் பார்த்துக்கொள்வதில்லை. பைரெத்ராய்டு மருந்துகளுக்கு அசையாத கொசுவும் கரப்பானும் உலகெங்கும் பெருகிவிட்டன. அமெரிக்காவில் இனிப்புப் பொறியில் மருந்து வைத்து வைத்து, குளுக்கோஸே கசக்கிற கரப்பான் பரம்பரை ஒன்று உருவாகிவிட்டது. அது எப்படி என்பதை 2013-இல் கண்டுபிடித்தார்கள்: அதன் வாயுறுப்பில் கசப்பை உணரும் நரம்பே குளுக்கோஸுக்கும் எழுகிறது. இதற்கு முன்னால் நம் வெள்ளரித் தோல்.

நான் கரப்பானுக்கு வைப்பது கேரம் பவுடர். போரிக் பவுடர் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். மூன்று பங்கு கோதுமை மாவில் ஒரு பங்கு அது, கொஞ்சம் சர்க்கரை, பிசைந்து கோலிக்குண்டளவு உருட்டி, குழந்தையின் கையும் பூனையின் வாயும் எட்டாத இடுக்கில். மெதுவாகத்தான் கொல்லும், பத்து நாளாகும். அது கனிமம், அதனால் ‘இயற்கை’ என்று நான் சொல்லிக்கொள்ளலாம், சொல்ல மாட்டேன். அது விஷம். விஷம் என்று தெரிந்து வைப்பதால்தான் எங்கே வைக்கிறேன் என்று யோசிக்கிறேன்.

(பாட்டி காலத்துக் குறிப்புகளிலேயே பல்லியை விரட்ட முட்டை ஓடு வைக்கச் சொல்லி ஒன்று வரும். வீட்டுக்குள் சம்பளமில்லாமல் பூச்சி பிடிக்கிற ஒரே ஜீவன் அது. அதை விரட்டிவிட்டு, பூச்சியை இயற்கையாக விரட்ட வழி கேட்கிறார்கள்.)

கொசுவுக்கு உண்மையான வழி ஒன்றும் ரகசியமில்லை. முட்டையிலிருந்து கொசுவாக எட்டிலிருந்து பத்து நாள். ஆகவே வாரத்துக்கு ஒருநாள் வீட்டில் தேங்கிய தண்ணீர் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. வரிக்கொசு முட்டையைத் தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கும்; அது காய்ந்தபடி மாதக்கணக்கில் காத்திருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் தேங்காய்நாரால் சுரண்டிக் கழுவ வேண்டும். மாடித் தொட்டிக்கு மூடி சரியாக உட்கார வேண்டும். சென்னை மலேரியாக் கொசு அங்கேதான் வளர்கிறது. ஜன்னலுக்கு வலை. இவ்வளவுதான். சுவாரஸ்யமில்லாத வேலை, படம் பிடித்துப் போட ஒன்றுமில்லை.

இதையும் சொல்லாமல் விட முடியாது. எலுமிச்சைக் குறிப்பு போய்ச் சேர்வது யாருக்கு? பெண்களுக்கு. ஆச்சி காலத்தில் தட்டட்டியில் கால் வெந்ததும் அவர்களுக்குத்தான்; இன்று கரப்பான் வந்தால் ‘அடுப்படியை ஒழுங்கா வச்சிருக்கியா?’ என்ற கேள்வியும் அவர்களுக்குத்தான். அடுக்ககத்தில் எட்டு வீட்டுக் கழிவுக்குழாயும் ஒரே சந்தில் இறங்குகிறது. ஒரு வீட்டில் மட்டும் கிராம்பு வைத்து என்ன ஆகும்? மாநகராட்சித் தண்ணீர் நாள்விட்டு நாள் வருகிற தெருவில் நீல டிரம் இல்லாமல் குடித்தனம் செய்ய முடியாது. டிரம்மில் தண்ணீர் நின்றால் கொசு. அந்தக் கொசு குழாயில் தண்ணீர் வராததால் வந்தது. நொச்சிக் கன்று கொடுப்பது தண்ணீர் கொடுப்பதைவிடச் சுலபம் என்பது உள்ளாட்சிகளுக்கும் தெரிந்திருக்கிறது.

அன்று நண்பர் வீட்டில் நொச்சித் தட்டுகளைக் கவிழ்த்த பிறகும் எனக்குச் சமாதானமாகவில்லை. கூடத்தில் கடித்த கொசு பால்கனியிலிருந்து மட்டும் வந்திருக்குமா? “ஃபிரிட்ஜை இழுப்போமா?” என்றேன். வாங்கிவைத்த நாளிலிருந்து அதை யாரும் நகர்த்தியதில்லை என்றார் நண்பர். இரண்டு பேருமாக இழுத்தோம். பின்பக்கம் அடியில், பனி உருகிய தண்ணீர் சொட்டுவதற்கென்று ஒரு தட்டு இருக்கிறதே, அதில் தூசி படிந்த தண்ணீர். விளக்கை அடித்தேன். நண்பரின் மனைவி எட்டிப் பார்த்து, “ஐயய்ய, இதென்ன அண்ணாச்சி, இவ்வளவு கிடக்கு!” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சாப்பாட்டு மேசைக்கும் அதற்கும் நாலடி. கிராம்பு வாசனை அங்கே நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

தட்டைக் கழற்றிச் சுரண்டிக் கழுவியது நான். நண்பர் பார்த்துக்கொண்டிருந்தார். “வாரா வாரம் இதைச் செய்யணுமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “என்னைய ஏன் பாக்கிய? ஃபிரிட்ஜ் கனம் எவ்வளவுன்னு இப்பத்தான தெரிஞ்சுது” என்றார் அவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யார் இழுப்பது என்பதில் பேச்சு நின்றிருந்தபோது நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன்.